இயேசு வாழ்ந்தாரா: கிறிஸ்தவரல்லாதோரின் பழஞ்சான்றுகளை எடைபோடும் முறை

இயேசு என்றொருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா என்ற வாதம் எழும்போதெல்லாம் இரண்டு பட்டியல்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, ஜோசபஸ், டாசிட்டஸ், பிளினி, சூட்டோனியஸ், லூசியன், தாலஸ், தல்மூது என்று பெயர்களை அடுக்கி, பகைவர்களே ஒப்புக்கொண்ட பிறகு ஐயம் எதற்கு என்று கேட்கிறது. மற்றொன்று, அதே பெயர்களை வரிசையாக அடித்துவிட்டு, அவர் காலத்தில் வாழ்ந்த ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை என்று முடித்துவிடுகிறது. இவற்றைப் பரப்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நூல்களின் உரிய பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை என்பது என் கணிப்பு. நானும் முதல் பட்டியலைப் பல ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருந்தவன்தான். அந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் சுருக்குங்கள்

"இயேசு உண்மையா" என்று கேட்டால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் யூதேயா, கலிலேயா பகுதிகளில் அப்பெயர் கொண்ட ஒரு போதகர் வாழ்ந்து, பொந்தியு பிலாத்துவின் ஆணையால் கொல்லப்பட்டாரா என்பது ஒன்று. அவர் என்ன போதித்தார், எங்கெல்லாம் சென்றார் என்பது இரண்டாவது. அவர் கடவுளின் மகனா, உயிர்த்தெழுந்தாரா என்பது மூன்றாவது. கிறிஸ்தவரல்லாத பழைய எழுத்தாளர்கள் முதல் கேள்விக்குச் சிறிது உதவுவார்கள். இரண்டாவதற்கு அநேகமாக உதவ மாட்டார்கள். மூன்றாவதற்கு உதவுவதற்கான இடமே அவர்களிடம் இல்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த சான்றைக் கொண்டுபோய் மூன்றாவது கேள்விக்கு விடையாக வைப்பது ஒரு தரப்பின் வழக்கம். மூன்றாவதை மறுப்பதற்காக முதலாவதையும் சேர்த்து மறுப்பது எதிர்த்தரப்பின் வழக்கம். ஆகவே, ஒரு மேற்கோளைப் பார்த்தவுடன் இது எந்தக் கேள்விக்கான விடை என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எவ்வளவு சான்றை எதிர்பார்ப்பது நியாயம்?

இயேசு இறந்தது ஏறத்தாழ கி.பி. 30 அல்லது 33. அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டு, அவரைக் குறிப்பிட்டு, இன்று நம் கையில் இருக்கிற கிறிஸ்தவரல்லாத எழுத்து எதுவும் இல்லை. இதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆனால் அடுத்த கேள்வியையும் உடனே கேட்க வேண்டும்: அந்த ஊரில், அந்தக் காலத்தில், யாருக்குத்தான் அப்படிப்பட்ட சான்று மிஞ்சியிருக்கிறது?

பிலாத்துவையே எடுத்துக்கொள்வோம். பேரரசரால் அனுப்பப்பட்டு, கி.பி. 26 முதல் 36 வரை ஒரு மாகாணத்தையே ஆண்டவர். அவர் அடித்த சிறு செம்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டு செசரியாவில், பழைய அரங்கத்தின் படிக்கட்டில் மறுபயன்பாட்டுக்காகப் பதிக்கப்பட்டிருந்த கல் ஒன்றில் அவருடைய பெயரும் பதவியும் பாதி சிதைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. எழுத்தாளர்களில் அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவஞானி ஃபிலோவும் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எஞ்சியுள்ள உரோம வரலாற்று நூல்களிலோ டாசிட்டஸின் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் அவர் பெயர் வருகிறது. அதுவும் கிறிஸ்துவைக் கொன்றவர் என்ற முறையில். ஆளுநரின் நிலையே இதுவென்றால், அவர் கையால் கொல்லப்பட்ட ஒரு கிராமத்துப் போதகருக்கு நீதிமன்றப் பதிவேடு கிடைக்கவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. யோர்தானைப் பிளப்பதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்த தெயுதாஸ், ஒலிவ மலைக்கு ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்ற 'எகிப்தியன்' என்ற தீர்க்கதரிசி போன்றவர்களை ஜோசபஸ் எழுதியதால்தான் அறிகிறோம். கிறிஸ்தவ நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் இருவருக்கும் ஒவ்வொரு வரி உண்டு, வேறெங்கும் இல்லை. அவர்கள் வாழ்ந்தார்களா என்று எவரும் சண்டை பிடிப்பதில்லை.

ஆகவே அளவுகோலை இந்த உயரத்தில் வையுங்கள்: அதே வகை மனிதர்களுக்கு எந்த அளவுச் சான்றை ஏற்கிறோமோ, அதே அளவை இவருக்கும் ஏற்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒவ்வொரு சான்றிடமும் கேட்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து, சான்று ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுதியவர் எப்போது எழுதினார், செய்தி அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும், அந்த நூல் யார் கைகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிரேக்க, இலத்தீன் நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் கிறிஸ்தவ மடங்களில் படியெடுக்கப்பட்டே பிழைத்தன. படியெடுத்தவருக்கு நூலில் உள்ள விஷயத்தில் பற்று இருக்கும்போது இடைச்செருகல் நேர்வது புதிதல்ல. அதே சமயம், படியெடுத்தவர் கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்தால் எல்லா வரியையும் சந்தேகிப்பதும் சோம்பலே. எந்தச் சொல், எந்தக் காரணத்தால் ஐயத்துக்கு உரியது என்று சுட்டிக்காட்ட முடிய வேண்டும்.

மேற்கோளை மட்டும் படிக்காதீர்கள்; அதற்கு முன்னுள்ள ஒரு பக்கத்தையும் பின்னுள்ள ஒரு பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். இந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் புத்தகம், அதிகாரம், பத்தி என்று நிலையான எண்கள் உண்டு. எண் இல்லாமல் வரும் மேற்கோளை, எண் கிடைக்கும்வரை ஒதுக்கிவைப்பது நல்லது.

புகழ்பெற்ற பத்திக்கு முன்னால், புகழ் பெறாத ஒரு வரி

ஜோசபஸ் கி.பி. 37இல் எருசலேமில் ஆலயக் குருக்களின் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். உரோமுக்கு எதிரான யூதப் போரில் படைத்தலைவராக இருந்து, பிடிபட்டு, பின்னர் உரோமப் பேரரசரின் ஆதரவில் வாழ்ந்து, கி.பி. 93 வாக்கில் 'யூதப் பழமைகள்' என்ற வரலாற்றை இருபது புத்தகங்களாக எழுதினார். அதில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார். பட்டியல் போடுகிறவர்கள் பதினெட்டாம் புத்தகத்திலுள்ள நீண்ட பத்தியை முதலில் வைப்பார்கள். நான் இருபதாம் புத்தகத்தின் சிறு குறிப்பை முதலில் வைப்பேன்.

கி.பி. 62இல் ஆளுநர் பெஸ்து இறந்துவிடுகிறார். அடுத்த ஆளுநர் அல்பினு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, அனனுஸ் என்ற தலைமைக் குரு ஆலோசனைச் சங்கத்தைக் கூட்டி, "கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்னும் பெயருடையவர்" என்பவரையும் வேறு சிலரையும் விசாரித்துக் கல்லெறிந்து கொல்ல ஒப்படைக்கிறார். நகரத்தின் நேர்மையாளர்கள் இதை எதிர்த்து முறையிடுகிறார்கள். மூன்றே மாதம் பதவியிலிருந்த அனனுஸை அரசர் அகிரிப்பா நீக்கிவிட்டு, தம்னேயுவின் மகன் இயேசு என்ற வேறொருவரை அந்தப் பதவியில் அமர்த்துகிறார்.

இந்தக் குறிப்பை உற்றுப் பாருங்கள். ஜோசபஸின் அக்கறை இயேசுவிடம் இல்லை. யாக்கோபிடம்கூட அதிகம் இல்லை. ஒரு தலைமைக் குரு பதவி இழந்த கதையைச் சொல்கிறார். கொல்லப்பட்ட யாக்கோபு எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே சகோதரரின் பெயர் வருகிறது. ஒரு கிறிஸ்தவர் கையால் புகுத்தியிருந்தால் இவ்வளவு வறட்சியாக, 'எனப்படும்' என்ற சொல்லோடு நிறுத்தியிருப்பாரா என்பது வலுவான கேள்வி. எழுதியவர் இருந்த இடமும் முக்கியம்: கி.பி. 62இல் ஜோசபஸுக்கு இருபத்தைந்து வயது. அவர் உரோமுக்குப் பயணப்பட்டது அதன் பிறகுதான் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். ஆக, தம் சொந்த ஊரில், தம் சொந்த வகுப்பினரிடையே, தாம் இளைஞராக இருந்தபோது நடந்ததைத்தான் சொல்கிறார். இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பவுல், கி.பி. 50களைச் சேர்ந்த தம் கலாத்தியர் கடிதத்தில், எருசலேமில் "ஆண்டவரின் சகோதரரான யாக்கோபை" நேரில் கண்டதாகப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் அல்லர். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று கொள்ளக் காரணம் ஏதும் தெரியவில்லை. இருவரும் ஒரே மனிதரிடம் வந்து சேர்கிறார்கள். சகோதரர் இருந்த ஒருவரைக் கற்பனை என்று தள்ளுவது கடினம்.

எதிர்வாதத்தையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். 'கிறிஸ்து எனப்படும்' என்ற தொடர் யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு, படியெடுத்தபோது உள்ளே நுழைந்துவிட்டது, அங்கே குறிக்கப்பட்ட இயேசு உண்மையில் தம்னேயுவின் மகனே என்று சிலர் சொல்கிறார்கள். இதே தொடர் மத்தேயு நற்செய்தியிலும் வருவதால், கிறிஸ்தவர் எவரும் இப்படி எழுத மாட்டார் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இத்தொடரை ஜோசபஸின் பெயரால் பலமுறை எடுத்தாள்கிறார். எஞ்சியுள்ள படிகள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஐயம் முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சான்று வரிசையில் இதைவிட உறுதியான வரி வேறில்லை என்பேன்.

இனி, புகழ்பெற்ற பத்தி

பதினெட்டாம் புத்தகப் பத்தியை எடைபோட நேரான வழி, அதை ஒரு தாளில் எழுதிப் பென்சிலால் அடிப்பதுதான். பத்தியின் பொருள் ஏறத்தாழ இது: அக்காலத்தில் இயேசு என்ற ஞானி ஒருவர் இருந்தார், அவரை மனிதர் என்று சொல்லலாமானால்; அவர் வியத்தகு செயல்கள் செய்தவர், உண்மையை மகிழ்ந்து ஏற்போருக்கு ஆசிரியர்; யூதர் பலரையும் கிரேக்கர் பலரையும் தம்பக்கம் ஈர்த்தார்; அவரே கிறிஸ்து; நம்மவருள் முதன்மையானோர் குற்றம் சாட்டியதன்பேரில் பிலாத்து அவரைச் சிலுவைக்குத் தீர்ப்பிட்டபோதும், முதலில் அவரை நேசித்தவர்கள் விட்டுவிடவில்லை; இறைவாக்கினர் முன்னுரைத்தபடி மூன்றாம் நாள் உயிரோடு அவர்களுக்குத் தோன்றினார்; அவர் பெயரால் அழைக்கப்படும் கிறிஸ்தவர் என்ற இனம் இன்றுவரை அற்றுப்போகவில்லை.

இப்போது பென்சிலை எடுங்கள். 'மனிதர் என்று சொல்லலாமானால்' என்பதும், 'அவரே கிறிஸ்து' என்பதும், மூன்றாம் நாள் தோன்றியதும் ஒரு யூதர் எழுதக்கூடியவை அல்ல. அதுவும் உரோமப் பேரரசர் வெஸ்பாசியனே யூதரின் வாக்குறுதி நிறைவேறிய அரசர் என்று தம் முந்தைய நூலில் எழுதிய ஜோசபஸ் எழுதக்கூடியவை அல்ல. ஓரிகனோ, ஜோசபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று நம்பாதவர் என வெளிப்படையாகவே சொல்கிறார். ஆக, அவர் படித்த படியில் 'அவரே கிறிஸ்து' என்ற வாக்கியம் இருந்திருக்க முடியாது. இந்த வடிவத்தில் பத்தியை முதன்முதலாக மேற்கோள் காட்டுபவர் நான்காம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ். இந்தப் புத்தகத்துக்குக் கிடைக்கும் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மிகப் பழையதே பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

மூன்று தொடர்களையும் அடித்த பின் மிஞ்சுவதைப் படித்துப் பாருங்கள். வாக்கியம் முறியவில்லை. 'ஞானி' என்ற சொல்லை ஜோசபஸ் சாலமோனுக்கும் தானியேலுக்கும் பயன்படுத்துகிறார். கடவுள் என்று வணங்குகிற கிறிஸ்தவருக்கு அது போதாத சொல். கிறிஸ்தவர்களை 'இனம்' என்பதும் வெளியாளின் பேச்சு. இயேசு வாழ்ந்தபோதே கிரேக்கர் பலரை ஈர்த்தார் என்பது நற்செய்தி நூல்களை அறிந்த ஒருவர் எளிதில் எழுதாத செய்தி. பத்தாம் நூற்றாண்டில் அகாப்பியஸ் என்ற ஆயர் அரபியில் தரும் வடிவத்தில் 'அவரே கிறிஸ்து' என்பதற்குப் பதிலாக 'ஒருவேளை அவர் மெசியாவாக இருக்கலாம்' என்ற தொனி உள்ளது. திருச்சபை அறிஞர் ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'கிறிஸ்து என்று நம்பப்பட்டார்' என்று இருக்கிறது. இந்தப் பாடபேதங்கள், ஆதியில் மங்கலாக இருந்த ஒன்று பிறகு தீட்டப்பட்டது என்ற முடிவுக்கு ஆதரவு தருகின்றன. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்த நடுவழியையே ஏற்கிறார்கள். பத்தி முழுவதுமே பிற்சேர்க்கை என்போரும் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரத்தை நீங்களே சரிபார்க்கலாம். முந்தைய பகுதி, பிலாத்து ஆலயப் பணத்தை எடுத்துத் தண்ணீர்க் கால்வாய் கட்டியதால் எழுந்த கலவரம். பிந்தைய பகுதி, 'அதே காலத்தில் மற்றொரு பேரிடர் யூதரைக் கலக்கியது' என்று தொடங்குகிறது. நடுவிலுள்ள இயேசுவின் பத்தியை எடுத்துவிட்டால் கலவரத்திலிருந்து 'மற்றொரு பேரிடர்' நேராகத் தொடரும் என்கிறார்கள். கூர்மையான வாதம்தான், ஆனால் அந்தத் தொடக்கத்தை அடுத்து ஜோசபஸ் சொல்வது உரோமில் ஈசிஸ் கோயிலில் ஏமாற்றப்பட்ட பவுலினா என்ற சீமாட்டியின் கதையை, யூதரின் பேரிடர் அதற்கும் பிறகுதான் வருகிறது. தடம் விலகி நடப்பது அவருக்கு இயல்பு என்பதால் இந்த வாதம் தனியாக நிற்காது.

உங்கள் தாளில் இப்படி எழுதலாம்: இந்தப் பத்தி திருத்தப்பட்டது உறுதி, அடியில் உண்மையான குறிப்பு ஒன்று இருந்திருக்க வாய்ப்பு அதிகம், இதை மட்டும் வைத்து எதையும் நிறுவக் கூடாது.

டாசிட்டஸும் ஒரு எழுத்தும்

கி.பி. 64இல் உரோம் எரிந்தது. பழி தன்மீது விழாமலிருக்க, நீரோ கிறிஸ்தவர்கள்மீது குற்றத்தைச் சுமத்திக் கொடூரமாகக் கொன்றான். இதை கி.பி. 116 வாக்கில் எழுதிய டாசிட்டஸ், 'ஆண்டறிக்கைகள்' நூலின் பதினைந்தாம் புத்தகம் நாற்பத்து நான்காம் அதிகாரத்தில், அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து, திபேரியஸ் ஆட்சியில் பொந்தியு பிலாத்து என்ற அதிகாரியால் தண்டிக்கப்பட்டு இறந்தான் என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறார். அந்த மதத்தை நாசகார மூடநம்பிக்கை என்கிறார். யூதேயாவை அந்தத் தீமையின் பிறப்பிடம் என்கிறார். உலகின் அருவருப்பான யாவும் வந்து சேருமிடம் உரோம் என்று தம் நகரத்தையும் சாடுகிறார். இதைக் கிறிஸ்தவர் ஒருவர் எழுதிச் செருகினார் என்று நம்ப அபாரத் துணிச்சல் வேண்டும். நடையும் டாசிட்டஸின் நடையே.

இந்தப் பகுதிக்கு மூலமான கையெழுத்துப் படி பதினோராம் நூற்றாண்டில் மோந்தே கசினோ மடத்தில் எழுதப்பட்டது. இப்போது ஃபுளோரன்ஸ் நகரின் லாரன்சியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 'கிறிஸ்தியானோஸ்' என்ற சொல்லின் 'இ' முதலில் 'எ'யாக இருந்து சுரண்டித் திருத்தப்பட்டது. புற ஊதா ஒளியில் பழைய எழுத்து தெரிகிறது. சிலர் இதைக் கண்டதும் மோசடி என்று கூவிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பொதுமக்கள் அவர்களை 'கிரெஸ்தியானோஸ்' என்று தவறாக அழைத்தார்கள், அந்தப் பெயரின் மூலவர் 'கிறிஸ்துஸ்' என்று டாசிட்டஸ் வேண்டுமென்றே வேறுபடுத்தியிருக்கலாம். திருத்தியவருக்கு அது எழுத்துப்பிழையாகப் பட்டிருக்கும். எதுவானாலும் அடுத்த வாக்கியத்தில் கிறிஸ்துவும் பிலாத்துவும் இருக்கவே செய்கிறார்கள்.

ஆக, வரி உண்மையானது. ஆனால் செய்தி எங்கிருந்து வந்தது? இங்கேதான் நிதானிக்க வேண்டும். டாசிட்டஸ் தம் மூலத்தைச் சொல்லவில்லை. அவர் பிலாத்துவுக்குத் தரும் பதவிப்பெயர் 'புரோகுரேட்டர்'. செசரியாக் கல்லில் இருப்பதோ 'பிரிஃபெக்ட்'. பிற்கால வழக்கை அவர் பின்னோக்கிப் பொருத்தியிருக்கிறார் என்பதால், பழைய ஆவணத்தைப் புரட்டி எழுதினார் என்ற பெருமிதப் பேச்சுக்கு ஆதாரம் குறைகிறது. இயேசு என்ற இயற்பெயரும் அவரிடம் இல்லை. 'கிறிஸ்து' என்ற பட்டமே பெயராக வருகிறது. அதே சமயம் அவர் வெளிநாட்டு வழிபாடுகளைக் கண்காணிக்கும் பொறுப்புடைய பதினைவர் குருக்கள் குழுவில் இருந்தவர். ஆசியா மாகாணத்தை ஆண்டவர். கேள்விப்பட்டதை எல்லாம் ஏற்றுக்கொள்கிற ஆளும் அல்லர். கிறிஸ்தவர்கள் தாமே சொன்னதையும் அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆகவே இந்தச் சான்று காட்டுவது இதுவே: அந்த இயக்கத்தை வெறுத்த, கல்வியறிவு மிக்க உரோமர் ஒருவர், அதன் நிறுவனர் பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்பதை ஐயமின்றி நம்பினார். நிகழ்வுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிந்தியது என்பதைப் பக்கத்தில் எழுத மறக்காதீர்கள்.

எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்

அடுத்து வழக்கமாக வருபவர்கள் பிளினியும் சூட்டோனியஸும். பிளினி கி.பி. 112 வாக்கில் பித்தினியா–பொந்துவின் ஆளுநராக இருந்து, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். அவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்றும், பணிவிடைப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் எழுதுகிறார். ஆதித் திருச்சபையின் வாழ்க்கையை வெளியிலிருந்து காட்டும் அருமையான ஆவணம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. ஆனால் இயேசு வாழ்ந்தாரா என்பதற்கு இது சான்றாகாது. கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கே சான்று. அதை எவரும் மறுக்கவில்லை.

சூட்டோனியஸ் கி.பி. 121 வாக்கில் எழுதிய பேரரசர்கள் வரலாற்றில், 'கிரெஸ்துஸ்' தூண்டுதலால் ஓயாமல் கலகம் செய்த யூதரைக் கிளாடியஸ் உரோமிலிருந்து வெளியேற்றினார் என்று ஒரு வரி வருகிறது. கிரெஸ்துஸ் என்பது அடிமைகளிடையே வழங்கிய சாதாரணப் பெயர். கிறிஸ்துவைப் பற்றிய சண்டையைத்தான் அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது ஏற்கத்தக்க ஊகம். ஊகம் என்ற பெயரோடுதான் அதைத் தாளில் எழுத வேண்டும்.

இங்கே பட்டியல்களில் இடம்பெறாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். டாசிட்டஸும் பிளினியும் நெருங்கிய நண்பர்கள். வெசூவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றிய பிளினியின் புகழ்பெற்ற இரண்டு கடிதங்களும் டாசிட்டஸுக்கு எழுதப்பட்டவையே. சூட்டோனியஸ் பிளினியின் ஆதரவில் முன்னேறியவர். மூவரும் எழுதியது ஏறத்தாழ பத்தாண்டுக்குள். ஆகவே 'மூன்று உரோமச் சான்றுகள்' என்று எண்ணும்போது, ஒரே விருந்து மேசையில் நடந்த பேச்சை மூன்று முறை எண்ணுகிறோமோ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு குரல்கள், ஒன்றை எதிரொலிக்கும் பத்துக் குரல்களைவிட மேல்.

விரைந்து கடக்க வேண்டியவை

லூசியன் இரண்டாம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளர். பெரெகிரினஸ் என்பவர் கி.பி. 165இல் ஒலிம்பியாவில் தீக்குளித்ததைக் கேலி செய்யும் நூலில், கிறிஸ்தவர்கள் சிலுவையில் அறையப்பட்ட 'சோஃபிஸ்டை' (சொல்வித்தை ஆசிரியரை) வணங்குகிறார்கள் என்கிறார். கிறிஸ்தவர்களிடமிருந்தே அறிந்த செய்தி என்பதில் ஐயமில்லை. செல்சுஸ் கி.பி. 180 வாக்கில் கிறிஸ்தவத்தை மறுத்து எழுதிய நூல் அழிந்துவிட்டது; ஓரிகனின் மறுப்பிலிருந்தே அதை அறிகிறோம். பந்தேரா என்ற படைவீரனுக்குப் பிறந்தவர், எகிப்தில் மந்திரம் கற்றவர் என்றெல்லாம் இயேசுவை அவர் ஏசுகிறார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. இது கவனிக்கத்தக்கதுதான், ஆனால் நூற்றைம்பது ஆண்டு கழித்து எழுதிய அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மாரா பார் செராப்பியோன் சிரியாக் மொழியில் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், சாக்ரடீஸ், பித்தாகரஸ் ஆகியோரோடு யூதர் கொன்ற 'ஞான அரசர்' ஒருவரைச் சொல்கிறார். பெயர் இல்லை; கடிதத்தின் காலம் கி.பி. 73க்குப் பிறகு எந்த நூற்றாண்டு என்பதிலும் ஒற்றுமை இல்லை. எஞ்சியிருப்பது ஏழாம் நூற்றாண்டுப் படி ஒன்றே. தாலஸ் என்ற பழைய வரலாற்றாசிரியரின் நிலை இதைவிடப் பரிதாபம்: அவர் நூல் அழிந்தது, அதை எடுத்துக்காட்டிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஆஃப்ரிக்கானுஸின் நூலும் அழிந்தது, ஆஃப்ரிக்கானுஸை எடுத்துக்காட்டிய ஒன்பதாம் நூற்றாண்டு பைசாந்திய நூலிலிருந்துதான், தாலஸ் ஓர் இருளை (இயேசு இறந்தபோது பரவியதாக நற்செய்திகள் சொல்லும் இருள் என்று ஆஃப்ரிக்கானுஸ் கருதியதை) சூரிய கிரகணம் என்றார் என்று தெரிகிறது. அவர் இயேசுவைக் குறிப்பிட்டாரா என்பதுகூட அதிலிருந்து விளங்காது. இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.

யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் 'பஸ்கா விழாவின் முந்தைய நாள் யேசுவைத் தூக்கிலிட்டார்கள்' என்ற செய்தி சன்ஹெத்ரின் பகுதி 43ஆம் ஏட்டில் உள்ளது. மாந்திரீகம் செய்து இஸ்ரயேலை வழிதவறச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. பாபிலோனியத் தல்மூது தொகுக்கப்பட்டது ஆறாம் நூற்றாண்டு வாக்கில். அதே நூலின் மற்றொரு கதை, யேசு என்பவரை கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டு முன் வாழ்ந்த ஒரு ரபியின் மாணவராக்குகிறது. இது கிறிஸ்தவர்களின் கதைக்கு யூதர் தந்த மறுமொழியே தவிர, நிகழ்வின் நினைவு என்று கொள்ள இடமில்லை.

மௌனத்தை எடைபோடுவது

எழுதாதவர்களைக் காட்டி வாதிடும்போது ஒன்றைச் சோதியுங்கள்: அவர் எழுதியிருக்கவே வேண்டிய இடம் எது? ஃபிலோ பிலாத்துவைப் பற்றி எழுதினார், இயேசுவைப் பற்றி எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் பிலாத்துவை அவர் எடுத்தது பேரரசர் காயுவிடம் (கலிகுலாவிடம்) யூதரின் குறையைச் சொல்லும் நூலில். அங்கே இயேசு வர வேண்டிய அவசியமில்லை. திபேரியாவின் யுஸ்துஸ் நிலை வேறு. அவர் கலிலேயாக்காரர், யூத அரசர்களின் வரலாற்றை எழுதியவர், ஒன்பதாம் நூற்றாண்டில் அதைப் படித்த கிறிஸ்தவத் தலைமை ஆயர் ஃபோத்தியுஸ், இதில் கிறிஸ்துவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டார். இதற்குச் சிறிது எடை தரலாம். ஆனால் ஃபோத்தியுஸே அந்நூல் மிகச் சுருக்கமானது என்றும் சொல்கிறார். டாசிட்டஸின் நூலிலும் கி.பி. 29 முதல் 31 வரையிலான பகுதியின் பெரும்பங்கு தொலைந்துபோயிற்று. தொலைந்த பக்கத்தின் மௌனத்தை எந்தத் தரப்புக்கும் கணக்கில் எழுத முடியாது.

கள்ளப் பத்திரங்கள்

கடைசியாக, மிக எளிதான ஒரு சோதனை. யூதேயாவின் ஆளுநர் லெந்துலுஸ் உரோம மன்றத்துக்கு இயேசுவின் முகத்தையும், நடுவகிடெடுத்த கூந்தலையும், தாடியையும் வருணித்து அனுப்பிய கடிதம் என்று ஒன்று அவ்வப்போது வலம் வரும். யூதேயாவை அப்படி ஓர் ஆளுநர் ஆண்டதே இல்லை. அது இடைக்காலத்துப் புனைவு, பதினைந்தாம் நூற்றாண்டில் பரவியது. பிலாத்து பேரரசருக்கு அனுப்பிய அறிக்கை என்று உலவுபவையும், தத்துவஞானி செனெகாவும் பவுலும் எழுதிக்கொண்டதாகச் சொல்லப்படும் பதினான்கு கடிதங்களும் இதே சரக்குதான். வரலாற்று ஆசிரியரின் உண்மையான வரி எப்போதும் சற்று வறண்டதாக, வேறெதையோ சொல்லிக்கொண்டு போகும்போது ஓரமாக வந்து விழும். தலைமைக் குருவின் பதவி பறிபோன கதையில் யாக்கோபு வந்ததைப் போல. நாம் கேட்க ஆசைப்பட்டதை எல்லாம், கண்ணின் நிறம்வரை, ஒரு கடிதம் வரிசையாகச் சொல்லுமானால், முதலில் அதன் மூலப்படி எந்த நூற்றாண்டில் தலைகாட்டுகிறது என்று தேடுங்கள்.